அடுத்த வீட்டு அழுகுரல்

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்கும்போதெல்லாம், குறளிலிருந்தோ சிலம்பிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். படிக்கும் அன்பர்களுக்கும் அதுவே பழகிப்போயிற்று. இம்முறை அவ்வழியினின்றும் சற்றே விலகுகிறேன். குருதியும் கொடுமையும் நிறைந்த ஓர் ஆங்கிலப் புதினத்தைப் பற்றி எழுதப் புகுகிறேன். விழா மலரில் இஃது ஏன் என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பொறுத்தருளி இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். புதினத்தைப் பற்றித் தொடங்கும் இக்கட்டுரை, என்னைப் பற்றியதாகவே முடியும்.

2019ஆம் ஆண்டின் மழைக்காலம். மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் என் போன்ற முதியவர்க்கு வீடே சிறை. செய்தித்தாளும் வரவில்லை. கையில் கிடைத்ததைப் படிப்போம் என்று மேசையைத் துழாவியபோது, கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தி வைத்துவிட்டுப் போன ஆங்கிலப் புதினம் ஒன்று அகப்பட்டது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘அடுத்த வீட்டுப் பெண்’ என்று வரும். உடனே எனக்கு 1960இல் வெளிவந்த அப்பெயருடைய தமிழ்த் திரைப்படம் நினைவுக்கு வந்தது. அஞ்சலிதேவியும் டி. ஆர். இராமச்சந்திரனும் நடித்து, வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படம். அத்தகைய நகைச்சுவைக் கதையாகவே இருக்குமென்று எண்ணிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்ந்தேன்.

தொடக்கமும் அவ்வாறே இனிமையாக இருந்தது. அமெரிக்காவில் ஒரு சிற்றூர். 1958ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. ஓடைக்கரையில் விளையாடும் 12 வயதுச் சிறுவன். அங்கே அவன் சந்திக்கும், அவனினும் சற்று மூத்த ஒரு சிறுமி. விபத்தில் பெற்றோரை இழந்து, கால் ஊனமுற்ற தன் தங்கையுடன் அடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அவ்வீட்டுத் தலைவி அவளுக்கு உறவினள். சில பக்கங்கள் சென்றபின் கதையின் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் கடுஞ்சொல், பிறகு பட்டினி, பிறகு அடி, பிறகு நிலவறை. அந்த அம்மையார் மட்டுமன்று. அவருடைய பிள்ளைகளும், தெருப் பிள்ளைகளும் அக்கொடுமையில் பங்குகொள்கின்றனர். பாதிக்குமேல் என்னால் படிக்க இயலவில்லை. நூலை மூடி, பார்வையில் படாதவாறு தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். அன்று பகலுணவும் செல்லவில்லை.

மாலையில் பெயர்த்தி வந்ததும் கடிந்துகொண்டேன். “படிக்கிற பிள்ளை படிக்கிற புத்தகமா இது? காசு கொடுத்து இந்தக் கண்ணராவியை வாங்குவாங்களா?”

அவள் சினங்கொள்ளவில்லை. “தாத்தா, எனக்கு ஆறு வயசுல பிள்ளைக்கறி சமைச்ச கதையைச் சொன்னது யாரு? அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிட மாட்டேன்னு அழுதேன், பாட்டி உங்களைக் கோவிச்சுக்கிட்டாங்க. ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“அது பக்திக் கதை” என்றேன்.

“அந்தப் பையனுக்கு அது தெரியுமா, தாத்தா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அக்கேள்வி என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அவள் சொன்னதில் பிழையொன்றும் இல்லையே! திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர், அடியார் வேடத்தில் வந்த இறைவன் கேட்டாரென்று தம் ஒரே மகன் சீராளனை அரிந்து கறி சமைத்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாய் மடியில் பிடித்துக்கொள்ளத் தந்தை அரிந்த கதை அது. அதைவிடக் கொடியதை எந்த அமெரிக்க எழுத்தாளர் எழுதிவிட முடியும்?

எண்ணிப் பார்த்தால் நம் இலக்கியம் அச்சத்தையும் அருவருப்பையும் ஒதுக்கி வைத்ததே இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து, நகையும் உவகையும் அமர்ந்திருக்கும் அதே வரிசையில் அச்சத்துக்கும் இளிவரலுக்கும் இடமளிக்கிறார். காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் பிணங்களிடையே நின்று பாடினார். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில்தான் ஆடல் வல்லானைக் கண்டார். எலும்புந் தோலுமாய்த் தாளமேந்தி அமர்ந்திருக்கும் அவ்வன்னையின் செப்புத் திருமேனியை நாம் கும்பிடுகிறோம்; அச்சுறுத்துகிறதென்று அகற்றுவதில்லை.

கலிங்கத்துப்பரணியோ இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற களத்தில், மாண்டவர்களின் பற்களையே அரிசியாகக் கொண்டு பேய்கள் கூழ் அடுகின்றன. வெற்றியைப் பாட வந்த செயங்கொண்டார், வெற்றியின் விலை இன்னதென்பதையும் அக்கூழ்ப் பானையில் வைத்துக் காட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஆயினும் கல்லூரி வகுப்பில் அப்பகுதியைப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். அந்தப் பற்கள் யாருடையவை என்று எவரும் கேட்கவில்லை.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் எளிதில் விளங்குவன. பேய் பிசாசுக்கு அஞ்சுகிறோம், புலிக்கு அஞ்சுகிறோம், திருடனுக்கு அஞ்சுகிறோம். மூன்றும் வீட்டுக்கு வெளியே இருப்பவை. கதவைச் சாத்திக்கொண்டால் ஓரளவு தப்பலாம். நான்காவது அத்தகையதன்று. இறை என்றால் தலைமை உடையவர்; நம்மைக் காக்க வேண்டியவர். காக்க வேண்டியவரே அச்சத்துக்குக் காரணமானால் எந்தக் கதவைச் சாத்துவது? மாணவப் பருவத்தில் தேர்வுக்காக நெட்டுருச் செய்த அந்நான்கனுள், நான்காவதன் பொருள் எழுபது வயதுக்குப் பின் ஓர் ஆங்கிலப் புதினத்தால் எனக்கு விளங்கியது.

ஆம், கவிழ்த்து வைத்த நூலை மீண்டும் எடுத்தேன். இம்முறை முழுவதும் படித்து முடித்தேன்.

இதனை எழுதியவர் ஜாக் கெட்சம் என்னும் புனைபெயர் பூண்டவர். இயற்பெயர் டல்லஸ் மேயர். 1946இல் பிறந்து 2018இல் மறைந்தார். புதினம் வெளிவந்தது 1989இல். அது வெறுங்கற்பனை அன்று. 1965ஆம் ஆண்டு, இண்டியானாபோலிஸ் நகரில், ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைக் காட்சிகளில் தொழில் செய்த பெற்றோர், வாரத்துக்கு 20 டாலர் தருவதாகப் பேசித் தம் இரு பெண்களை ஓர் அம்மையாரின் பொறுப்பில் விட்டுச் சென்றனர். மூத்தவளுக்கு வயது 16. நான்கு மாதங்கூட முழுமையாகக் கழிந்த பாடில்லை. அக்டோபர் 26ஆம் நாள் அவள் பிணமாகக் கிடந்தாள். அந்த அம்மையாரும், அவர் பிள்ளைகளும், அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியரும் சேர்ந்து வதைத்ததாக வழக்கில் வெளிப்பட்டது. அவளுடைய அலறலைக் கேட்ட அயலாரும் இருந்தனர் என்பதும் வெளிப்பட்டது. 1966இல் அந்த அம்மையாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கெட்சம் இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு, ஆண்டையும் ஊரையும் மாற்றிக் கதையாக்கினார்.

இவ்வகைக் கதைகளில் பெரும்பாலானவை கொடியவனைப் பற்றியவை. கொடியவன் நம்மிலிருந்து வேறானவன். ஆதலால் அஞ்சி நடுங்கிவிட்டு, நூலை மூடியபின் நிம்மதியாக உறங்கலாம். கெட்சம் அந்த நிம்மதியை நமக்கு அளிக்கவில்லை. அவர் கதை சொல்லும் பொறுப்பை அடுத்த வீட்டுச் சிறுவனிடம் ஒப்படைத்திருக்கிறார். அவன் அடிக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான். பார்ப்பதில் அவனுக்கு ஒரு பதற்றமும் இருந்தது. அதனடியில், சொல்லவே நாணும் ஓர் ஆவலும் இருந்தது. அச்சிறுமி தானே காவலரிடம் சென்று முறையிடுகிறாள், பயன் விளையவில்லை. சிறுவன் தன் வீட்டாரிடம் சொல்ல எண்ணுகிறான். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிறான். இறுதியில் அவன் துணியும்போது காலம் கடந்துவிடுகிறது. நடுவயதெய்தி, வாழ்வில் எதிலும் நிலைகொள்ளாத மனிதனாய், அவன் அத்தனையையும் நினைவுகூர்ந்து சொல்வதே புதினம்.

ஓரிடம் என்னை மிகவும் அசைத்தது. கொடுமை முற்றிய கட்டத்தில் கதை சொல்பவன் திடீரென்று நின்றுவிடுகிறான். இனி நடந்ததை நான் சொல்லப்போவதில்லை என்று மறுத்து, அவ்வதிகாரத்தையே சில வரிகளில் முடித்துக்கொள்கிறான். எல்லாவற்றையும் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டதாக நாம் நினைக்கும் நூல், தன் கண்ணைத் தானே பொத்திக்கொள்ளும் இடம் அது. அங்கேதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அதுவரை நானும் அச்சிறுவனைப் போல் நிலவறைப் படிக்கட்டில் நின்றுகொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கொடுமையைக் கண்டு உள்ளம் கொதித்தேன் என்பது மெய். ஆயினும் புரட்டும் விரல் நிற்கவில்லை என்பதும் மெய்.

என்னை நிலைகுலையச் செய்தது அதனினும் பெரிதொன்று. அந்தப் படிக்கட்டு எனக்குப் புதியதன்று. முன்னரே நான் அதில் நின்றிருக்கிறேன்.

1971இல் பிழைப்புத் தேடி இம்மாநகருக்கு வந்தவன் நான். 1984ஆம் ஆண்டில் கிழக்குப் புறநகர் ஒன்றில், நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருந்தோம். அடுத்த வீட்டார் நம் தமிழர், எங்கள் மாவட்டத்தினர். தொலைபேசி இல்லாத எங்களுக்குத் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து உதவியவர்கள். பொங்கல் விழாவுக்கு நன்கொடை திரட்டுவதென்றால் முதலில் நிற்பவர்கள். ஊரிலிருந்து அவர்கள் ஒரு சிறுமியை வேலைக்கு அழைத்து வந்தனர். பத்துப் பதினோரு வயதிருக்கும். விடியற்காலையில் ஆரே பால் நிலையத்திலிருந்து இரண்டு கைகளிலும் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவாள். எங்கள் அடுக்களைக்கும் அவர்கள் அடுக்களைக்கும் இடையே ஒரே சுவர். இரவில் பாத்திரம் விழும் ஒலியும், அதன்பின் அடியின் ஒலியும், அதன்பின் வாயைப் பொத்திக்கொண்டு அழும் ஒலியும் அச்சுவர் வழியே வரும்.

ஒருநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டாள். முழங்கைக்குக் கீழே கரண்டியின் வடிவில் சூட்டுத் தழும்பு. நான் பார்ப்பதைக் கண்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, “மாமா, நம்ம ஊருக்கு எந்த ரயில் போகும்?” என்று மெல்லக் கேட்டாள்.

“வி.டி.யிலிருந்து மெட்ராஸ் மெயில்” என்றேன். சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு நேரமாயிற்று என்று இறங்கிப் போனேன். ஒரு குழந்தை உயிருக்கு வழி கேட்டது. நான் வண்டியின் பெயரைச் சொன்னேன்.

என் மனைவி பொறுக்கமாட்டாமல், “போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்” என்று பலமுறை சொன்னாள். “ஊர் வம்பு நமக்கெதுக்கு?” என்று வாயடைத்தேன். எனக்கும் காரணங்கள் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். நம்மவர்க்குள் நடப்பதை வெளியார் அறியக் கூடாது. அறிந்தால் தமிழர் பெயர் கெடும். இக்கட்டில் ஒருவர்க்கொருவர் துணை நாம்தானே என்றெல்லாம் நினைத்தேன். அச்சிறுமியும் நம்மவள்தான் என்பது மட்டும் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

சில மாதங்களில் அவள் காணப்படவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அப்படியே இருக்கலாம். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஓராண்டில் அக்குடும்பமும் வேறிடம் சென்றுவிட்டது. மூன்றரைப் பத்தாண்டுகள் அந்நிகழ்ச்சியை நான் எவரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதுமில்லை.

புதினத்தை முடித்த அன்றிரவு, உணவு மேசையில் மகளிடமும் பெயர்த்தியிடமும் இதைச் சொன்னேன். மகளுக்கு 1984இல் ஆறு வயது. ஒன்றும் நினைவிராது என்று எண்ணியிருந்தேன். அவள் தட்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: “எனக்கு ஞாபகம் இருக்குப்பா. அந்த அக்கா ஏன் அழறாங்கன்னு உங்களைக் கேட்டேன். நீங்க தூங்குன்னு சொல்லிட்டு, விவித பாரதியைச் சத்தமா வச்சீங்க.”

வானொலியைச் சத்தமாக வைத்ததை நான் முற்றும் மறந்திருந்தேன். புதினத்துச் சிறுவனுக்கு மௌனத்தைக் கற்பித்தவர் யார் என்று படிக்கும்போது எண்ணினேன்; என் வீட்டில் அதைக் கற்பித்தவன் நானே.

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். இத்தகைய கொடூரக் கதைகளால் பயன் உண்டா? எல்லாவற்றாலும் உண்டென்று சொல்லமாட்டேன். பெயர்த்தியிடம் கேட்டு இவ்வகையில் மேலும் இரண்டு நூல்களைப் படித்தேன். ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அதில் வரும் பெண்கள் சாவதற்கென்றே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஒரு விருப்பமோ வெறுப்போ, ஒரு நல்ல பொழுதோ கிடையாது. அங்கே துன்பம் விலைப்பொருள், படிப்பவன் வாங்குபவன். கெட்சத்தின் நூலில் அச்சிறுமிக்கு ஓடைக்கரை இருக்கிறது; காப்பாற்ற வேண்டிய தங்கை இருக்கிறாள்; காவலரிடம் செல்லும் துணிவு இருக்கிறது. அவளை அறிந்தபின் அவளை இழக்கிறோம். கதையில் எவ்வளவு குருதி என்று அளப்பதில் பயனில்லை. அது நம்மை எங்கே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

இம்மும்பையில் பல்லாண்டு வாழ்ந்து 1948இல் பாகிஸ்தானுக்குச் சென்ற உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோவையும் இங்கே நினைக்கலாம். அவர் கதைகள் ஆபாசமானவை என்று நீதிமன்றம் ஏற்றப்பட்டன. ‘கோல் தோ’ என்னும் கதையில், பிரிவினைக் கலவரத்தில் காணாமற்போன மகளைத் தேடுகிறார் ஒரு தந்தை. அவளுக்கு நேர்ந்த கொடுமையை மண்டோ ஒரு சொல்லாலும் வருணிக்கவில்லை. மருத்துவமனையில் அவள் செய்யும் ஒரு சிறு செயலைக் கண்டு, அருகில் நிற்கும் மருத்துவருக்கு உடல் முழுதும் வியர்த்துப்போகிறது. அவ்வளவே. அந்த வியர்வை நம் மீதும் அரும்புமாயின் கதை தன் வேலையைச் செய்துவிட்டது.

இவற்றைச் சிறுவர் கையில் கொடுக்குமாறு நான் சொல்லவில்லை. வளர்ந்தவர்களும் இயலாதபோது மூடி வைக்கலாம், அது குற்றமன்று. நானே மூடி வைத்தவன்தான். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் இத்தகைய நூலைப் படிக்கக் கண்டால், பிடுங்கி எறிவதற்குமுன் ஒருமுறை உடன் அமர்ந்து பேசுங்கள். அவர்கள் தேடுவது கொடுமையை அன்று. கொடுமை நடக்கையில் மனிதர் ஏன் வாளாவிருந்தனர் என்பதற்கு விடையை எனவும் இருக்கலாம். அந்த விடை சில வேளை நம்மிடமே இருக்கும்.

1984இல் சட்டமும் காவலும் வலுவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல்தான் வந்தது. வீட்டு வேலைக்குச் சிறுவரை அமர்த்தக் கூடாதென்ற தடை 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்னலுறும் குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசி எண் 1996இல் இதே மும்பையில்தான் தொடங்கியது. எல்லாம் உண்மை. ஆயினும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு எந்தச் சட்டமும் தேவையாக இருக்கவில்லை. இன்று நம் கட்டடங்களில் சுவர்கள் தடித்திருக்கலாம்; எண்ணை மட்டும் இல்லத்தில் எழுதி வையுங்கள். என் வீட்டில் பெயர்த்தி அதனை அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

அன்றிரவு எல்லாவற்றையும் கேட்டபின் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “தாத்தா, அந்தப் பொண்ணு பேரு என்ன?”

சிறுத்தொண்டர் வரலாற்றின் முடிவை நாம் அறிவோம். வெளியே சென்று மகனைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பள்ளியிலிருந்து வருபவனைப் போல் சீராளன் ஓடி வருகிறான். நானும் என் நினைவின் வாயிலில் நின்று அழைத்துப் பார்க்கத்தான் விரும்புகிறேன். அடுத்த வீட்டில் அவளைக் ‘குட்டி’ என்றார்கள். கோபம் வந்தால் ‘ஏய்’ என்றார்கள். பல மாதங்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும், உன் பெயர் என்னம்மா என்று நான் அவளைக் கேட்டதேயில்லை.